‘மழைக்கு முன்னாடி கலப்பையைக் கவனி!’ - கரிசல் காட்டு டிராக்டர் கைவைத்தியம்

ஆவணி பிறந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சாலையோர வெல்டிங் பட்டறை வாசல்களில் கலப்பைகள் வரிசை கட்டி நிற்கும். ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர் என்று எல்லா ஜாதியும் உண்டு. துருப்பிடித்து, சேறு காய்ந்து, ஸ்பிரிங் தொங்கிப்போய் கிடக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற நோயாளிகள் மாதிரியே இருக்கும்.

காரணம் எளிது. இது கரிசல் காடு. ஆறு, வாய்க்கால் பாசனம் என்று பெருமையடிக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. குண்டாறு ஓடுகிறதே என்பீர்கள். அது ஓடுகிற நாட்களைவிட மணலாகக் கிடக்கிற நாட்கள்தான் அதிகம். விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்து கார்த்திகை முடிவதற்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசி, குதிரைவாலி, மல்லி, மிளகாய் என்று நாங்கள் எதைப் போட்டாலும் அந்த இரண்டு, மூன்று மாத மழையை நம்பித்தான்.

அதிலும் கரிசல் மண் ஒரு பிடிவாதக்காரக் குழந்தை. காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், உழுதால் பாறாங்கல் மாதிரி கட்டியாகப் பெயரும். நனைந்தால் களியாகி, காலில் ஒட்டிய செருப்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ‘பதம்’ என்று ஒன்று வரும். நல்ல மழை பெய்து, வெயில் லேசாக அடித்த பிறகு கிடைக்கிற இரண்டு மூன்று நாள் அவகாசம். அந்த நாட்களில் உங்கள் டிராக்டர் ஓட வேண்டும். அன்றைக்கு ஓடாத டிராக்டர் வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதை இது. எங்களுக்குத் திருச்சுழி பக்கம் எட்டு ஏக்கர் மானாவாரி. அப்பாவிடம் இருப்பது பழைய டிராக்டர், மூன்றாவது கைக்கு வந்த ஒன்பது கலப்பை. ஒரு வருஷம் சித்திரையில் கோடை உழவு முடித்ததும் கலப்பையை அப்படியே வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டு மறந்துவிட்டோம். புரட்டாசியில் முதல் மழை அருமையாகப் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் பதம். அப்பா கலப்பையை மாட்டிக்கொண்டு போய் அரை ஏக்கர்கூட ஓட்டவில்லை. ஒரு சீமைக்கருவேல வேர்க்கட்டை தட்டி இரண்டு ஸ்பிரிங் தெறித்துவிட்டது. சரி, கொழுவையாவது மாற்றலாம் என்றால் போல்ட் நட்டு எல்லாம் துருவேறி ஒன்றோடொன்று ஐக்கியமாகிக் கிடக்கின்றன. பட்டறைக்குக் கொண்டுபோனால் எங்களுக்கு முன்னே பதினோரு பேர். நான்காம் நாள் கலப்பை கைக்கு வந்தது, அன்று சாயங்காலமே அடுத்த மழையும் வந்தது. அப்புறம் பன்னிரண்டு நாள் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. பிந்தி விதைத்த உளுந்து, பூக்கிற நேரத்தில் ஈரமில்லாமல் காய்ந்தது. அம்மாவின் தோடு மறுபடி அடகுக்கடைக்குப் போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை கழிந்ததும் கலப்பைக்கு வைத்தியம் ஆரம்பம். ஒரு பைசா செலவில்லாத வேலைகளும் இதில் உண்டு, உயிருக்கே உலை வைக்கிற ‘ஐடியா’க்களும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய பட்டை, புதுக் கொழு!

முதலில் கொழு. மரக்கலப்பைக் காலத்தில் பட்டம் தொடங்குமுன் ஆசாரி வீட்டு உலைக்களத்தில் ஊரே கூடும். கொழுவைக் காய்ச்சி அடித்துக் கூராக்கிக் கொடுப்பார். கூலி பணமாக அல்ல, களத்துமேட்டில் தானியமாக. இன்று உலைக்களம் போய் வெல்டிங் மெஷின் வந்திருக்கிறது.

ஒன்பது கலப்பையின் கொழுக்கள் பெரும்பாலும் இரண்டு முனையும் கூர் உள்ளவை. ஒரு முனை தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இது தெரியாமல் ஒரு முனை மழுங்கியதுமே பழைய இரும்புக்குப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எல்லாக் கொழுவும் ஒரே மாதிரி தேயாது. டிராக்டர் டயர் அழுத்திப்போன தடத்தில் ஓடுகிறவைதான் சீக்கிரம் தேயும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை அவற்றை நடுவில் இருக்கிற கொழுக்களோடு இடம் மாற்றிவிட்டால் எல்லாம் சமமாகத் தேய்ந்து வரும்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அப்பா செய்வது ஒரு சின்ன வேலைதான். சிமென்ட் களத்தில் கலப்பையை இறக்குவார். முன்னும் பின்னும் சமமாக நிற்கும்படி டாப் லிங்க்கைத் திருகுவார். பிறகு வரிசைக்கு ஒரு நூல் பிடிப்பார். ஏதாவது ஒரு கொழு தரையைத் தொடாமல் ஒரு விரல் மேலே நின்றால், அந்தச் சாலில் விதை ஆழமாக விழாது. இது ஏன் முக்கியம் தெரியுமா? இந்தப் பக்கம் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறவர்கள் உண்டு. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே வேலை செய்துவருகிற இடம். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்திலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டி விதைக்கும் சோளத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் பரிந்துரை. மேலாக விழுந்த விதை, ஏமாற்று மழைக்கு முளைத்து அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடப்பது நிஜ மழை வரும்வரை பொறுத்திருக்கும். விதைக்கு என்னதான் நேர்த்தி செய்தாலும், கொழு ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் வயல் வழுக்கை விழுந்த தலைதான்.

முனை போன கொழுவுக்குப் பழைய லாரிப் பட்டையை வெட்டி வெல்டிங் வைப்பது எங்கள் ஊர்க் கைவைத்தியங்களில் ராஜா. பட்டை, ஸ்பிரிங்குக்காகவே செய்த இரும்பு. சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால், இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெல்டிங் வைத்த சூட்டோடு ‘புஸ்’ஸென்று தண்ணீர் ஊற்றினால் ஒட்டு வைத்த ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முதல் கல்லிலேயே ‘டக்’கென்று தெறிக்கும். பட்டையை முதலில் லேசாகச் சூடாக்கி, வெல்டிங் வைத்து, அப்படியே அடுப்புச் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். “தம்பி, இரும்புக்கும் சுடச்சுடக் குளிப்பாட்டுனா ஜன்னி வரும்” என்பார் எங்கள் பட்டறைக்கார அண்ணாச்சி. உலோகவியல் பாடத்தை ஒரே வரியில் சொன்ன மனுஷன்!

பட்டையைக் கொழுவாக்குவதை நாட்டுப்புறத்து ஒட்டுவேலை என்று யாராவது சிரித்தால் அவர்களிடம் ஜான் டீர் கதையைச் சொல்லுங்கள். பச்சை நிற டிராக்டர் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த அதே ஜான் டீர்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் கிராண்ட் டீட்டூர் என்கிற சின்ன ஊரில் அவர் ஒரு கொல்லர். அந்தப் பக்கத்து மண்ணும் நம் கரிசல் போல ஒட்டிப் பிடிக்கிற ரகம். நாலு எட்டு ஓட்டுவதற்குள் ஏரை நிறுத்தி மண்ணைச் சுரண்ட வேண்டுமாம். 1837-ல் அவர், மர அறுவை மில்லில் உடைந்துபோன எஃகு ரம்பம் ஒன்றை எடுத்து, வளைத்து, பளபளப்பாக்கிக் கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஆதிமூலம் பட்டறையில் கிடந்த ஓர் ஓட்டை ரம்பம்!

பளபளப்பு என்றதும் இன்னொன்று. கனடாவில், குளிர்காலம் வருமுன் டிராக்டரின் முன்னால் பனி தள்ளும் பலகையை மாட்டித் தயார்செய்வார்கள். பனி ஒட்டாமல் சரிந்து விழுவதற்காகப் பலகைக்குப் புதுப் பெயின்ட்டோ மெழுகோ பூசுவார்கள். டயருக்குச் சங்கிலி சுற்றுவார்கள். அவர்களுக்குப் பனி, நமக்குக் களிமண். நாம் பூச வேண்டியது மெழுகு அல்ல, உழவு முடிந்த அன்றே மண்ணைக் கழுவித் துடைத்து, கொழு முகத்தில் ஒரு பூச்சு கிரீஸ். துருவேறிய கொழுவில் மண் அப்பிக்கொள்ளும், டீசலும் அதிகம் குடிக்கும். பலர் கழிவு இன்ஜின் ஆயிலைத்தான் வெறுங்கையால் பூசுகிறார்கள். அது தோலுக்கு ஆகாத சரக்கு. கொட்டினால் மண்ணுக்கும் கேடு. கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, சொட்டாத அளவுக்குத் துணியால் தடவுங்கள். ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டதா? கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, விதைப்பு நாளுக்கு முன்பே மணற்பாங்கான இடத்தில் நாலு சுற்று ஓட்டுங்கள். மணலே பாலிஷ் போட்டுவிடும்.

இறுகிப்போன போல்ட்டுக்கு, முதல் நாள் இரவே டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துவிட்டு, காலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் கழற்றினால் பெரும்பாலும் இறங்கிவந்துவிடும். புதிதாகப் போடும்போது மரையில் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த வருஷம் இந்த ரகளை இல்லை. கடையில் வாங்கும்போது போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் அது உறுதியான ரகம். ஒன்றும் எழுதாத மலிவு போல்ட், கரிசல் கட்டியில் கழுத்தறுந்து விழும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் கட்டுக்கம்பியா?

ஒன்பது கலப்பையில் ஸ்பிரிங் வைத்திருப்பதே, கல்லோ வேரோ தட்டினால் அந்தக் கால் பின்னால் மடங்கி, தாண்டியதும் பழைய நிலைக்குத் திரும்புவதற்காகத்தான். தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் மண்டி, பிறகு வெட்டித் திருத்திய நிலங்கள் இங்கே ஏராளம். மேலே மரம் இருக்காது, கீழே வேர்க்கட்டை ஒளிந்திருக்கும். ஸ்பிரிங் உடைந்த காலை, கம்பியால் இறுக்கிக் கட்டி ‘சரிபண்ணி’ ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கால் மடங்க வழியில்லாமல் முழு வேகத்தையும் பிரேமுக்குக் கடத்தும். 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பிரேம் முறுக்கிக்கொள்ளும்.

அவசரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உடைந்த காலைக் கழற்றிவிடுங்கள். அதே வரிசையில் எதிர்ப்பக்கம் இருக்கிற காலையும் கழற்றிவிடுங்கள். ஒன்பது, ஏழாகிவிடும். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்காது. கொஞ்சம் இடைவெளி விழும், இன்னொரு சால் குறுக்கே ஓட்டினால் தீர்ந்தது. பதம் போவதற்குள் வேலை முடியும். அன்று எங்களுக்கு இது தெரிந்திருந்தால் தோடு வீட்டிலேயே இருந்திருக்கும்.

உப்புத் தண்ணீர், எலி, தூசி

இனி டிராக்டர். எங்கள் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பாறை ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். அப்புறம் சூடு ஏறாமல் என்ன செய்யும்? கூலன்ட்தான் சரியானது. முடியாதவர்கள் கோடை மழையில் ஓட்டுக்கூரைத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி இரண்டு கேன் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்த கேனுக்குப் பெயரே ‘வண்டித் தண்ணி’. ஆனால் பேட்டரிக்கு அந்த மழைத் தண்ணீரும் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடிக்கு, ஆப்பசோடா கலந்த வெந்நீர் போதும். வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மாட்டிய பிறகு கொஞ்சம் வாசலின்.

கோடை உழவுப் புழுதியை முழுங்கியது ஏர் கிளீனர். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய மாடல் என்றால் திறந்து பாருங்கள், எண்ணெய்க்குப் பதில் கருப்பு அல்வா இருக்கும். வழித்தெடுத்துக் கழுவிவிட்டு, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. டீசல் டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈரம் கசிந்து தண்ணீர் சேரும். பில்டருக்குக் கீழே இருக்கிற வடிகால் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடியவிடுங்கள்.

எலி? பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்துவைக்கிற எலிக்கு, பாச்சை உருண்டை, புகையிலை என்று ஊருக்கு ஊர் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் இவை எதுவுமே உருப்படியாகப் பலிக்கவில்லை. வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் பலித்தது.

இந்த ‘ஐடியா’க்கள் வேண்டவே வேண்டாம்!

இது பணச் சமாச்சாரம் இல்லை, உயிர்ச் சமாச்சாரம். எனவே வீட்டுப் பெண்கள், பிள்ளைகளும் படித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கட்டி ‘ஏத்தி எடுத்துடலாம்’ என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள். சக்கரம் உருள வழியில்லாவிட்டால், இன்ஜின் சக்தி வண்டியின் மூக்கைத் தூக்கும். டிராக்டர் அப்படியே பின்பக்கமாகக் கவிழும். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது, குதித்துத் தப்பிக்க நேரமே கிடையாது. பின் அச்சிலோ டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ சங்கிலி போட்டு எதையாவது இழுத்தாலும் இதே கதைதான். இழுப்பதென்றால் கீழே இருக்கிற டிராபாரில் மட்டும். சிக்கிக்கொண்டால் இறங்கி, சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டியெடுத்து, பின்னோக்கி வர முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

கலப்பை ஆழமாக இறங்கவில்லை என்று ஆளை மேலே உட்காரவைப்பது இன்னொன்று. பள்ளிக்கூடம் லீவு விட்ட பையன்களை உட்காரவைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குலுக்கலில் கீழே விழுந்தால் ஒன்பது கொழுவும் மேலே ஏறும். பாரம் வேண்டுமென்றால் இரண்டு மணல் மூட்டையைக் கட்டுங்கள். அதற்கு முன், கொழு மழுங்கியிருக்கிறதா, டாப் லிங்க் அளவு சரியா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

லிஞ்ச் பின் தொலைந்த இடத்தில் ஆணியை வளைத்து மாட்டுவது, ரோட்டவேட்டரின் ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதென்று அதைவிடக் கெட்டி போல்ட் போடுவது - இரண்டும் புத்திசாலித்தனம் மாதிரி தெரியும். ஷியர் போல்ட் இருப்பதே அறுந்துபோவதற்குத்தான். வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது அறாவிட்டால் கியர் பாக்ஸ் போகும். தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் ஹைட்ராலிக்கை நம்பிப் படுத்து வேலை பார்ப்பதும் அப்படித்தான். ஒரு லீவரில் யாராவது கை வைத்தால் போதும். கட்டை முட்டுக்கொடுங்கள், அல்லது கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் ஈரம் பட்டுத் தெரிந்துவிடும்.

பி.டி.ஓ. தண்டுக்கும் இதில் தனி இடம் உண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகம். அதாவது, ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனை, துண்டு, சேலைத் தலைப்பு எது பட்டாலும் ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் சுருட்டிவிடும். அதன்மேல் கம்பெனி போட்டுத் தருகிற பிளாஸ்டிக் உறை ‘இடைஞ்சல்’ என்று முதல் வருஷமே கழற்றி எறியப்படுகிறது. எங்கள் ஊரில் அந்த உறையோடு இருக்கிற வண்டியைத் தேட வேண்டும்.

என்னதான் செய்தும் பதம் வந்த நாளில் வண்டி படுத்துவிட்டால்? பக்கத்துக் காட்டுக்காரரோடு முன்பே பேசிவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் வண்டி நின்றால் எங்களுடையது, எங்களுடையது நின்றால் அவருடையது, டீசல் அவரவர் செலவு. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குத் தருகிறது. ‘உழவன்’ செயலியில் இதற்கான பதிவு வசதி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பதம் வரும் என்பதால் மழை பெய்த மறுநாள் பதிவு செய்து பிரயோஜனம் குறைவு. ஆவணியிலேயே கேட்டு வையுங்கள்.

அப்பாவின் சீட்டுக்கு அடியில் இப்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஆறு கொழு போல்ட், இரண்டு லிஞ்ச் பின், ஒரு ஸ்பிரிங், கிரீஸ் நிப்பிள் நாலு, ஒரு சுருள் கம்பி. போன வாரம் போன் பண்ணினார். “மதுரைப் பக்கம் போனா அந்த பி.டி.ஓ. உறை ஒண்ணு வாங்கிட்டு வாய்யா. பழசைத் தூக்கிப் போட்டது நாந்தான்” என்றார். வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், மாட்ட வேண்டும்.